பின்மூடிக்குள் இருந்த எழுத்து

கண்ணு,

இந்தக் கடிதம் திருப்பூரில் உன் கைக்குக் கிடைக்கும்போது நீ திகைத்துப் போவாய். தினம் போனில் பேசுகிற மனுஷன், சனிக்கிழமை வந்தால் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மகனுக்குத் தபாலில் எழுதுகிறானே, கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைப்பாய். நேரில் சொல்லத்தான் பார்த்தேன். போன வாரம் உன் கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வரும்போது, வண்டியில் உன் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "கண்ணு, அந்த பேக்கரியில ரவுண்டு உட்ட அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். நீ ஹெல்மெட்டுக்குள் இருந்தபடியே, "அதெல்லாம் எதுக்குங்கப்பா இப்போ, உடுங்க" என்றாய். நானும் விட்டுவிட்டேன். நீ விடச் சொன்னால் விட்டுவிட எனக்கு அத்தனை ஆசை. காகிதத்தை நீ அப்படி நடுவில் நிறுத்த முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

எழுத வைத்தது உன் மாமனார்தான். அன்னூரிலிருந்து கல்யாணப் பத்திரிகை விஷயமாக வந்தவர், காபியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குடிக்காமலே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க சம்பந்தி, மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போடறது எங்க ஊட்டு வழக்கமுங்க. தம்பிகிட்டக் கேட்டா, வாட்ச் மட்டும் வேண்டாமுங்க மாமா, நான் கட்டறதில்லைங்கறாரு. உங்க ஊட்டு அலமாரி பூராவும் வாட்ச்சா இருக்குது, பையன் கை மட்டும் வெறுங்கையா இருக்குதுங்களே. ஏதாச்சும் வேண்டுதலுங்களா?" நான் சிரித்து வைத்தேன். "இந்தக் காலத்துப் பசங்க போன்லயே மணி பாத்துக்கறாங்க, உடுங்க" என்றேன். அவர் நல்ல மனுஷர், நம்பிவிட்டார். அவர் மகள் ஸ்டெல்லாவும் அதைத்தான் நம்பிக்கொண்டிருப்பாள். நீ ஏன் வாட்ச் கட்டுவதில்லை என்பது நம் வீட்டிலும் அந்த பேக்கரி மேசையிலும் இருக்கிற சிலருக்குத்தான் தெரியும். அவர்களில், முழுசாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் ஞாயிறு, கோவிலில் உன் பெயரையும் ஸ்டெல்லா பெயரையும் சேர்த்து மூன்றாவது தடவையாகக் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று எப்போதும் வாசிப்பதுதான். நாற்பது வருஷமாக யார் யாருக்கோ வாசித்துக் கேட்டிருக்கிறேன், கொட்டாவி விட்டபடி. அன்றைக்கு "தெரிந்தவர்கள்" என்ற சொல் வந்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. உன் கல்யாணத்துக்குத் தடை ஒன்றும் இல்லை, பயப்படாதே. தெரிந்தும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிற ஓர் ஆள் அந்தக் கோவிலில் இருந்தான், அவ்வளவுதான்.

உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தி நாலு வருஷம் மோட்டார் பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன். லேத்தில் கடைந்து வருகிற ஒவ்வொரு பீஸையும் அளந்து பார்த்து, முடி அளவு கூடினாலும் குறைந்தாலும் சிவப்புப் பெயிண்ட் குறி வைத்து ஒதுக்குவது என் வேலை. அந்தப் பெயிண்ட் டப்பாவை நான் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வந்ததே இல்லை. உன் அம்மா சட்டை தைத்துக் கொடுத்தால் முதலில் காஜாவைத்தான் பார்ப்பேன். நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் பால்பாயிண்ட் பேனாவால் உன் மணிக்கட்டில் ஒரு வாட்ச் வரைந்துகொண்டு, "அப்பா, என்னுதும் பாருங்க" என்று ஓடி வந்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "மணி முள்ளு நிமிஷ முள்ளவிட நீளமா இருக்குது பாரு" என்றேன். நீ எச்சிலைத் தொட்டு அழித்துவிட்டு மறுபடி வரைந்து வந்தாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "கொழந்த கையில வரைஞ்சதுக்குமா இன்ஸ்பெக்ஷன்?" என்று கத்தினாள். அப்போது அது எங்களுக்கு ஒரு வேடிக்கை. உனக்கு எப்படி இருந்தது என்று இன்றுவரை கேட்டதில்லை.

வாட்ச் கிறுக்கு எனக்கு எப்படிப் பிடித்தது என்பதையும் நீ நூறு தடவை கேட்டிருப்பாய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஃபோர்மேன் ஒருவர் கறுப்பு டயல் வாட்ச் கட்டியிருப்பார். பட்டாளத்துக்காகச் செய்தது, சாவி கொடுத்து ஓடுவது, விளக்கை அணைத்தால் எண்கள் பச்சையாக மின்னும். அவர் கையை நீட்டி மைக்ரோமீட்டரை வாங்கும்போதெல்லாம் நான் அளவைப் பார்க்க மாட்டேன், வாட்ச்சைப் பார்ப்பேன். பிறகு சம்பாதித்து, தேடித் தேடி அறுபது எழுபது பழைய வாட்ச் சேர்த்தேன். அந்தக் கறுப்பு டயல் மட்டும் அமையவில்லை. வந்ததெல்லாம் ஏதாவது ஒரு குறையோடு வந்தது, நானும் திருப்பி அனுப்பினேன். சாப்பிடும்போது அதைப் பற்றியே பேசுவேன். நீயும் உன் அம்மாவும் சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உன் அம்மா கேட்காமல் கேட்டாள். நீ நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தாய். அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

ஞாயிறு பூசை முடிந்து சிங்காநல்லூர் பேக்கரியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோமே, அந்த மேசை இல்லாமல் எனக்கு வாரம் முடியாது. கல்லூரி நாளில் நீயும் வந்து என் பக்கத்தில் உட்காருவாய், தேங்காய் பன் தின்றுகொண்டு. அங்கே ரவுண்டு விடுவது எங்கள் வழக்கம். யாராவது ஒருவர், தன்னுடையதையோ இன்னொருவர் கொடுத்துவிட்டதையோ, ஒரு வாட்ச்சை மஞ்சள் துணியில் சுற்றி மேசைமேல் வைப்பார். யாருடையது என்று கேட்கக் கூடாது. கைமாறிக் கைமாறிப் போகும், ஒவ்வொருவரும் அதில் ஒரு குற்றமாவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். டயல் மறுபடி பெயிண்ட் அடித்ததா, முள் வேறு வாட்ச்சிலிருந்து வந்ததா, உள்ளே இருக்கிற மெஷின் அதனுடையதுதானா என்று. கடைசியில் என்னிடம் வரும், என் தீர்ப்புக்குப் பிறகுதான் சொந்தக்காரர் கையைத் தூக்க வேண்டும். ஆள் தெரிந்தால் வாய் நேராகப் பேசாது என்று இந்த ஏற்பாடு. இதற்கு ஒரு விதியும் உண்டு. கையில் வந்த வாட்ச் யாருடையது என்று ஒருவருக்குத் தெரிந்துவிட்டால், அவர் "தெரியும்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும். அந்த விதியைப் போட்டவன் நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

நான் ஓய்வு பெற்ற மறு ஞாயிறு உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. நீ வேலைக்குப் போய் இரண்டாவது வருஷம். மேசைக்குக் கேக் வாங்கித் தருகிறேன் என்று நீ கவுண்டர் பக்கம் போய்விட்டாய். சூலூர் ஆறுச்சாமி மாமா, தறி ஓட்டுகிறாரே அவர், மஞ்சள் துணியை எடுத்து வைத்தார். மற்றவர்கள் ஏதோ ஒப்புக்குச் சொன்னார்கள், ஸ்ட்ராப் புதுசு, கண்ணாடியில் கீறல் என்று. அது யாருடையது என்று அங்கே ஆறுச்சாமிக்கு மட்டும்தான் தெரியும். என் கைக்கு வந்தது. கறுப்பு டயல். நான் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டேன். பத்து வினாடி போதும். டயல் மறுபடி பெயிண்ட் அடித்தது, அந்த எட்டு என்ற எண்ணைப் பழைய கம்பெனி அப்படிப் போடவே போடாது. அதைச் சொன்னேன். முள் இரண்டும் வேறு வாட்ச்சுடையது. அதையும் சொன்னேன். இதுவரை நான் சொன்னதெல்லாம் விதிப்படி சொன்னது. இதுவரைக்கும்தான்.

பிறகு மெஷினைப் பார்க்கப் பின்மூடியைக் கத்தியால் நெம்பினேன். மூடியின் உள்பக்கம், என் உள்ளங்கையைப் பார்த்து இருந்தது. எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே, அதே மாதிரி புள்ளி புள்ளியாக எழுத்து. "அப்பாவுக்கு" என்று இருந்தது. அதன் கீழே 417. என் டோக்கன் நம்பர். முப்பத்தி நாலு வருஷம் கேட்டில் காட்டிவிட்டு உள்ளே போன நம்பர். கோயமுத்தூரில் வேறு எந்த அப்பனுக்கும் அந்த நம்பர் இல்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது, கண்ணு. அந்த வினாடியிலேயே தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லித் துணியில் சுற்றிப் பக்கத்தில் தள்ளியிருந்தால் முடிந்தது. நான் மூடியை மூடினேன். மேசையில் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு குற்றம் சொல்லிச் சிரிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவதுக்குக் காத்திருந்தார்கள். என்னை நிறுத்தவிடாமல் செய்தது அது மட்டும் இல்லை, முழுசாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டில், என் சாப்பாட்டு மேசையில் வளர்ந்தவன் இப்படி ஒரு டயலில் ஏமாந்துவிட்டானே என்று வெட்கமாக இருந்தது. உன் பாசம் கண்ணுக்கு முன்னால் எழுதியிருந்தது. நான் அதைத் தாண்டி டயலைப் பார்த்தேன். "மெஷினும் கலப்படம். இத வித்தவன் கெட்டிக்காரனுங்க. வாங்குனவனுக்குக் கண்ணும் இல்ல, புத்தியும் இல்ல, காசு மட்டும் இருந்திருக்குது" என்றேன். மேசை குலுங்கிச் சிரித்தது. ஆறுச்சாமி சிரிக்கவில்லை. "போதுமுங்க" என்றார். "அது தம்பி உங்களுக்குன்னு வாங்குனதுங்க. மகன்ங்கறதுக்காகச் சொல்லக் கூடாது, அப்பா வாயால நெசமா நல்லாருக்குன்னு வரோணும்னு ரவுண்டுல உடச் சொன்னாருங்க." நிமிர்ந்து பார்த்தால், நீ கேக் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாய்.

நான் தலையில் கை வைத்தேன். "அய்யோ, எனக்குத் தெரியாதுங்களே" என்றேன். அந்தப் பொய் எத்தனை சுலபமாக வந்தது என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம். நீ கேக் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, என் தோளைத் தொட்டு, "பரவால்லீங்கப்பா. தெரியாமத்தானுங்களே சொன்னீங்க" என்றாய். எல்லோருக்கும் நீதான் கேக்கை வெட்டிக் கொடுத்தாய். எனக்குக் கொஞ்சம் பெரிய துண்டு. நான் அதைத் தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆறுச்சாமியிடமிருந்து போனில் விஷயம் தெரிந்து உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். நீதான் நடுவில் வந்து, "அப்பாவுக்குத் தெரியாதும்மா, அவரை எதுக்குத் திட்டறீங்க" என்றாய். பிறகு என்னிடம், "பின்மூடிய மட்டும் தெறந்து பாருங்கப்பா, உள்ள ஒண்ணு எழுதியிருக்குது" என்றாய். கவுண்டரில் முதுகைக் காட்டி நின்றதால் நான் திறந்ததை நீ பார்க்கவில்லை, ஓசையைக் கேட்டே மெஷினைக் குறை சொன்னதாக நினைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். கத்தியை எடுத்து வந்து, உன் முன்னால் உட்கார்ந்து, முதல் தடவை பார்ப்பவன்போலத் திறந்து பார்த்தேன். அழுதேன். அந்த அழுகை நிஜம். மற்றதெல்லாம் நடிப்பு. நீ அந்த அழுகையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாய்.

மறு வாரத்திலிருந்து நீ பேக்கரிக்கு வரவில்லை. கையில் கட்டியிருந்த உன் சொந்த வாட்ச்சையும் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டாய். உன் அம்மா கேட்டதற்கு, "எனக்கு அதுல கண்ணு பத்தலம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். ஆறு வருஷமாக உன் இடது மணிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான் எனக்குக் கேட்கிறது. ஆறுச்சாமி ஒருநாள் சொன்னார், "எனக்கும் அந்த டயல் மேல சந்தேகந்தானுங்க. தம்பி மூஞ்சியப் பாத்து வாயத் தெறக்கலைங்க." எட்டாவதோடு படிப்பை நிறுத்தித் தறிக்குப் போனவர் அவர். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

சாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். கோவிலில் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜெபம் ஏதாவது கொடுப்பார், சொல்லிவிட்டு எழுந்து போகலாம் என்று இருந்தேன். "பையன்கிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். அடுத்த தடவை நான் வேறு கோவிலுக்குப் போய் வேறு சாமியாரிடம் சொன்னேன். அவரும் அதையேதான் கேட்டார். மூன்றாவது கோவிலுக்குப் போகவில்லை.

இன்னொரு கூத்தும் செய்தேன். அந்த வாட்ச்சைச் சரி செய்து உன்னிடம் காட்டிவிட்டால் கணக்கு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு வருஷம் அலைந்து அசல் டயல் பிடித்தேன், அசல் முள், அசல் மெஷின். அவிநாசியில் கோவில் பக்கம் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர் இருக்கிறார், நல்ல கை. எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போனபோது கண்ணாடிப் பெட்டிக்குள் ஜொலித்துக்கொண்டிருந்தது, நான் முப்பது வருஷம் தேடிய அதே வாட்ச். அவர் ஒரு மூடியை எடுத்துக் காட்டி, "அசல் பின்மூடியும் ஒண்ணு ஆப்புட்டுதுங்க. இதுல என்னமோ கிறுக்கி வெச்சிருக்குது, மாத்திப்போடலாமுங்களா? அப்புறம் ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க" என்றார். அதையும் மாற்றிவிட்டால் நீ வாங்கித் தந்தது என்று அதில் ஒன்றுமே மிச்சம் இருக்காது. மன்னிப்புக் கேட்கக் கிளம்பியவன் மறுபடியும் உன் பரிசுக்குச் சிவப்புக் குறிதான் வைத்துக்கொண்டிருந்தேன். "எல்லாத்தையும் பழையபடியே போட்டுக் குடுத்துருங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த எட்டு இப்போதும் தப்பாகத்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் வேகமாக ஓடுகிறது. இதை எழுதும்போது என் கையில் கட்டியிருக்கிறேன், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக. கட்டத் தகுதி வந்துவிட்டது என்று இல்லை. கட்டாமல் பெட்டிக்குள் வைத்திருந்தது இன்னும் கேவலமாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் மகனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்ல யோக்யதை உள்ளது ஒன்றே ஒன்றுதான், அதுவும் கெட்டுப்போய்க் கற்றுக்கொண்டது. ஸ்டெல்லா உனக்கு ஏதாவது கொண்டு வருவாள், ஒரு சட்டையோ, வேகாத பிரியாணியோ, ஒரு யோசனையோ. உனக்கு என் ரத்தம், குறை கண்ணில் படத்தான் செய்யும். கொண்டு வந்தது யார் என்று முதலில் பார். பார்த்த பிறகு வாயைத் திற, அல்லது திறக்காதே. உன் மாமனார் போடுகிற வாட்ச்சை வாங்கிக்கொள் என்று நான் சொல்லப் போவதில்லை, அது உன் கை. உனக்குக் கண் பத்தாது என்று நினைத்து மட்டும் அந்தக் கையை வெறுமையாக வைத்திருக்காதே. பழைய வாட்ச்சில் ஏமாறாதவன் யாரும் இல்லை. நானே முதல் ஐந்து வருஷத்தில் பதினோரு தடவை ஏமாந்தேன். உன்னிடம் ஒன்றுகூடச் சொன்னதில்லை.

நீ அன்றைக்கு என் தோளைத் தொட்டு மன்னித்தது, தெரியாமல் பேசிவிட்ட ஓர் அப்பனை. அப்படி ஒருவன் அந்த மேசையில் இல்லை. இல்லாத ஆளுக்கு நீ கொடுத்ததை நான் வாங்கி ஆறு வருஷம் வைத்துக்கொண்டேன். அதைத் திருப்பித் தந்துவிடுகிறேன். நிஜமாகச் செய்தவனை என்ன செய்வது என்று நீயே முடிவு பண்ணிக்கொள். மன்னித்தே ஆக வேண்டும் என்று இல்லை, கல்யாணத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்றும் இல்லை. கோவிலில் நான் எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் சொல், அங்கே நிற்கிறேன். உன் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. உனக்குப் பிறகுதான் அவளுக்கு.

வருகிற ஞாயிறு இந்த வாட்ச்சை மஞ்சள் துணியில் சுற்றி நானே பேக்கரி மேசையில் வைக்கப் போகிறேன். நீ வர வேண்டும் என்று கேட்கவில்லை. அது சுற்றி வந்து கடைசியில் என் கைக்கு வரும்போது, அன்றைக்குச் சொல்லாததை எல்லோர் முன்னாலும் சொல்லுவேன். அவர்களுக்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதினேன்.

தெரியும், கண்ணு. இது நீ வாங்கித் தந்தது என்று எனக்குத் தெரியும்.

உன் அப்பா